வேதாகமத்தில் தர்ப்பணம்

நம் காலத்துத் தமிழில் கண்ணாடி என்னும் ஒரே சொல், முகம் பார்ப்பதையும் ஜன்னலில் பதிப்பதையும் மூக்கின்மேல் மாட்டிக்கொள்வதையும் பேதமின்றிக் குறித்துவிடுவதால், வேதாகமத்தில் அச்சொல்லை எதிர்ப்படும் வாசகர், பின்புறம் ரசம் பூசிய சில்லு ஒன்றை மனத்தில் கற்பித்துக்கொண்டே மேலே படித்துச் செல்வது இயல்பாகிவிட்டது. மோசேயின் காலத்திலும், ஏசாயாவின் காலத்திலும், அப்போஸ்தலனாகிய பவுல் நிருபங்கள் எழுதிய காலத்திலும் மக்கள் முகம் பார்த்தது உலோகத் தகட்டிலேயாம். செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்கி வார்த்து, தட்டித் தட்டையாக்கி, நாட்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய வட்டத் தகடு அது. கைப்பிடியுடன் பெண்களின் கையிலிருக்கும். பயன்படாதபோது துணியிலோ பேழையிலோ பத்திரமாக மூடி வைக்கப்படும். சில நாள் துலக்காமல் விட்டால் ஒளி மங்கும், நாளடைவில் களிம்பேறும். சீதோன் பட்டணத்தார் கண்ணாடிச் சில்லாலும் முகம் பார்க்கும் கருவி செய்யக் கண்டார்கள் என்று முதல் நூற்றாண்டினரான பிளினி எழுதியிருப்பது மெய்யே. ஆயினும் அது சிறியதாகவும் தெளிவற்றதாகவும் இருந்தமையால் உலோகத் தகட்டை அதன் ஸ்தானத்திலிருந்து அசைக்கவில்லை. வெனிஸ் நகரத்துத் தொழிலாளர் பாதரசத்தையும் வெள்ளீயத்தையும் கொண்டு ரசம் பூசி அதை மேம்படுத்தப் பல நூற்றாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது; ஜெர்மனியின் லீபிக் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டதோ 1835-ஆம் ஆண்டில்தான்.

இந்த விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. வேதாகமக் கண்ணாடியைப் பற்றி நம்மவர் கேட்டுப் பழகிய வியாக்கியானங்கள் பெரும்பாலும் இரண்டே: ஒன்று, அது பெண்களின் அகந்தைக்கும் அலங்கார மோகத்துக்கும் அடையாளம் என்பது, மற்றொன்று, அக்காலத்துக் கண்ணாடி கரடுமுரடாய் மங்கலாயிருந்தபடியால் அது குறைபட்ட அறிவுக்கு உவமானம் என்பது. இவ்விரண்டையும் மூலபாஷைகளில் உள்ள வசனங்களோடு ஒத்துப்பார்க்குமிடத்து, முதலாவதற்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்றும், இரண்டாவது அவ்வசனத்தின் கருத்தைத் தவறவிட்டது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடி முதன்முதல் தோன்றும் இடம் யாத்திராகமத்தின் 38-ஆம் அதிகாரம். ஆசரிப்புக் கூடாரத்தின் பணிமுட்டுகளைச் செய்த சிற்பியாகிய பெசலெயேல், ஆசாரியர்கள் கைகால் கழுவுவதற்கான வெண்கலத் தொட்டியையும் அதன் பாதத்தையும், கூடாரவாசலில் கூடிய ஸ்திரீகளின் கண்ணாடிகளைக் கொண்டு செய்தான் என்பது அங்குள்ள செய்தி. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் மட்டும் கண்ணாடி என்று எழுதாமல் தர்ப்பணம் என்ற வடசொல்லைப் பெய்திருக்கிறார்கள். உருக்கக்கூடிய உலோகம் என்பதை வாசகர் உணரவேண்டும் என்று கருதினார்கள் போலும். கருதாமல் விளைந்த நயம் ஒன்றும் அதில் உண்டு. வடமொழியில் கண்ணாடியைக் குறிக்கும் சொல் கர்வம் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து பிறந்தது. பிதிர்களுக்கு நீர் வார்ப்பதைக் குறிக்கும் சொல்லோ திருப்தி என்னும் பொருளுடைய வேறொரு தாதுவிலிருந்து பிறந்தது. வடமொழி எழுத்தில் வேறுபட்டு நிற்கும் இவ்விரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. நீர்ப்பாத்திரமாக மாறிய கண்ணாடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை ஒருவர் தேடிச்சென்றாலும் காண்பதரிது.

எபிரேய மூலத்திலுள்ள சொல் 'மர்ஆ' என்பது. காணுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் மற்றெல்லா இடங்களிலும் தரிசனத்தையே குறிக்கும். தீர்க்கதரிசிகள் கண்ட தேவதரிசனத்துக்கு வழங்கும் பெயரும் இதுவே. முகம் பார்க்கும் கருவிக்கும் தெய்வத்தைக் காணும் அனுபவத்துக்கும் ஒரே பெயரை இட்ட பாஷை எபிரேயம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோமாக. பின்னர் பவுலிடம் வரும்போது இது பயன்படும். அந்த ஸ்திரீகள் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்தைக் குறிக்கும் வினைச்சொல்லும் சாமானியமானதன்று. சேனையில் அணிவகுத்து நிற்பதற்கும், லேவியர் கூடாரத்தில் முறைவைத்து ஊழியம் செய்வதற்கும் வழங்கும் வினை அது. கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர், அவர்களை உபவாசம் இருந்த பெண்கள் என்றனர். அரமேயத்தில் பெயர்த்த ஒன்கேலோஸ், பிரார்த்தனைக்கு வந்த பெண்கள் என்றார். ஏதோ ஒரு திருப்பணி என்பதற்கு மேல் எவரும் திட்டமாகச் சொல்லவில்லை. முதலாம் சாமுவேலின் 2-ஆம் அதிகாரத்தில், ஏலியின் குமாரர் கெடுத்ததாகச் சொல்லப்படும் பெண்களும் இதே வினையால், இதே வாசலில் குறிக்கப்படுகிறார்கள். ஆகவே அது ஒருநாட் கூட்டமன்று, தலைமுறைகள் நீடித்த ஒரு ஸ்தாபனம் என்றே கொள்ளவேண்டும்.

இப்பெண்கள் எகிப்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. எகிப்து தேசத்தில் கண்ணாடி மிகப் பழமையானது. சூரிய பிம்பத்தை ஒத்த தகடும், பாப்பிரஸ் தண்டு போலவோ ஹாதோர் தேவியின் முகம் போலவோ செதுக்கிய கைப்பிடியுமாக அங்குள்ள கல்லறைகளில் அவை ஏராளமாய்க் கிடைத்திருக்கின்றன. ஜீவன் என்று பொருள்படும் 'அங்க்' என்ற சொல்லே எகிப்திய பாஷையில் கண்ணாடிக்கும் பெயர். அடிமைவீட்டை விட்டு வந்த பெண்கள் தங்கள் கையில் கொண்டுவந்த சொற்பப் பொருள்களில் அதுவும் ஒன்றென்றால், அதை அவர்கள் எளிதில் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதே அதிகாரத்தின் இறுதியில் காணிக்கைகளின் கணக்கு வருகிறது. வெண்கலம் 70 தாலந்தும் 2,400 சேக்கலும், அதாவது நம் அளவையில் ஏறத்தாழ 2,400 கிலோ, வந்து சேர்ந்தது என்றும், அது இன்னின்ன காரியங்களுக்குச் செலவாயிற்று என்றும் அங்கே எழுதியிருக்கிறது. பலிபீடம், சல்லடை, வாசலின் பாதங்கள், பிராகாரத்தின் முளைகள் ஈறாக எல்லாம் சொல்லப்பட்டிருந்தும், அந்தப் பட்டியலில் தொட்டி இல்லை. கண்ணாடிகளின் வெண்கலம் பொதுக்கணக்கில் கலவாமல் தனியே நின்றது என்பதே இதன் தாத்பரியம். வேறொரு விசேஷமும் உண்டு. உடன்படிக்கைப் பெட்டிக்கு இரண்டரை முழ நீளம், பலிபீடத்துக்கு ஐந்து முழ அகலம் என்று பலவற்றுக்கும் அளவு விதித்த அந்நூல், தொட்டிக்கு நீள அகல உயரம் ஒன்றையும் விதிக்கவில்லை. எத்தனை கண்ணாடிகள் வந்தனவோ அத்தனை பெரிய தொட்டி என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

யூத வியாக்கியானிகள் இந்த வசனத்தின்முன் நெடுநேரம் நின்றிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான இப்னு எஸ்ரா, உலக இச்சையைத் துறந்த பெண்கள் இனித் தேவையில்லை என்று கண்ணாடிகளைக் கொடுத்துவிட்டுப் பிரார்த்தனைக்கு வந்தார்கள் என்றார். துறவு மனப்பான்மையுடையோர்க்கு இது உகந்த விளக்கம்; நம் பிரசங்கிகளிற் பலரும் அறிந்தோ அறியாமலோ இவ்வழியே செல்கிறார்கள். அவருக்கு ஒரு தலைமுறைக்கு முந்தியவரும், பிரான்சு தேசத்துத் துருவா நகரத்தில் வாழ்ந்தவருமான ராஷி, 'தன்ஹூமா' என்னும் பழைய மித்ராஷ் நூலிலிருந்து எடுத்துச் சொல்லும் கதையோ இதற்கு நேர்விரோதமானது. பெண்கள் கண்ணாடிகளைக் கொண்டுவந்தபோது, இவை துர்இச்சைக்கென்று செய்யப்பட்டவை என்று மோசே அருவருத்துத் தள்ளினானாம். மற்றெல்லாவற்றையும்விட இவையே எனக்குப் பிரியமானவை, வாங்கிக்கொள் என்று கடவுள் அவனைத் தடுத்தாராம். அவர் கூறிய காரணம் இது: பார்வோனின் செங்கற்சூளைகளில் புருஷர்கள் எலும்பு முறிய உழைத்து, வீடு திரும்பவும் சக்தியற்று வயலில் விழுந்துகிடந்த காலத்தில், மனைவியர் உணவும் பானமும் எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிச் செல்வார்கள், உண்ணக் கொடுத்தபின் கண்ணாடியை எடுத்து, இரண்டு முகமும் ஒன்றாய்த் தெரியும்படி பிடித்து, உம்மைவிட நானே அழகு என்று பரிகாசம் பண்ணிக் களைத்தவர்களின் ஆசையை எழுப்புவார்கள், அவ்விதமே கிச்சிலி மரத்தடியில் கருத்தரித்துப் பெற்ற பிள்ளைகளால்தான் இஸ்ரவேலின் சேனைகள் உண்டாயின. மேலே கண்ட வினைச்சொல்லுக்கும் சேனை என்ற சொல்லுக்கும் தாது ஒன்றாகையால் கதை மூலத்தோடு இசைந்துகொள்கிறது. சந்தேகத்துக்கு உள்ளான மனைவிக்குக் குடிக்கக் கொடுக்கும் பரிசுத்த நீரை இந்தத் தொட்டியிலிருந்தே எடுப்பார்கள் என்றும், அதனால் கணவன் மனைவியரிடையே சமாதானம் உண்டாக்குவதே இவ்வுலோகத்தின் பழைய தொழிலும் புதிய தொழிலுமாயிற்று என்றும் ராஷி மேலும் கூறுகிறார்.

இக்கதையைச் சரித்திரம் என்று ஒருவரும் வாதிக்கப் போவதில்லை. எனினும் மூலத்துக்கு அண்மையில் நிற்பது இப்னு எஸ்ராவின் துறவா, ராஷியின் இல்லறமா என்று என்னைக் கேட்டால், பின்னதையே சொல்வேன். யாத்திராகமம் அக்கண்ணாடிகளைப் பற்றி ஒரு நிந்தை வார்த்தையும் சொல்லவில்லை. பாவத்தின் கருவியென்று கருதியிருந்தால், பொன்னாற் செய்த கன்றுக்குட்டியைச் சுட்டெரித்துப் பொடியாக்கியது போல் இவற்றையும் ஆக்கியிருப்பார்களேயன்றி, ஆசாரியன் கழுவாமற் போனால் சாவான் என்று விதித்த பாத்திரத்துக்கு மூலதனமாக்கியிருக்க மாட்டார்கள்.

கண்ணாடியை நிந்திப்பவர்கள் ஆதாரமாகக் காட்டுவது ஏசாயாவின் 3-ஆம் அதிகாரம் ஒன்றே. கழுத்தை நெறித்து, கண்ணால் மருட்டி, சிலம்பொலிக்க நடக்கும் சீயோன் குமாரத்திகளிடமிருந்து கர்த்தர் உரிந்துபோடப்போகும் 21 அணிகலன்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. அதில் 'கில்யோனிம்' என்ற சொல்லை ஜெரோம் லத்தீனில் கண்ணாடி என்றே பெயர்த்தார். தமிழ் வேதாகமமும் அவ்விதமே கொண்டது. ஆனால் எழுபதின்மரோ, அணிந்தும் அணியாததுபோல் மேனி தெரியும் மெல்லிய லாக்கோனிய ஆடை என்று அதைக் கொண்டனர். திறந்து காட்டுதல் என்ற தாதுவிலிருந்து வந்த சொல்லாகையால் இரண்டு அர்த்தத்துக்கும் அது இடந்தரும். அதே ஏசாயாவின் 8-ஆம் அதிகாரத்தில் இச்சொல்லின் ஒருமை வடிவம் எழுதும் பலகையைக் குறிக்கிறது. பட்டியலில் அதைச் சூழ்ந்து நிற்பவை சல்லா, பாகை, துப்பட்டா முதலிய வஸ்திரங்களாகையால், எழுபதின்மர் கூறியது சரியாயிருத்தல் கூடும். அப்படியானால் வேதாகமத்தில் கண்ணாடிக்கு எதிரான சாட்சி ஒன்றும் மிஞ்சவில்லை.

யோபுவின் புத்தகத்தில் வரும் கண்ணாடி யார் முகத்தையும் காட்டுவதன்று. வார்க்கப்பட்ட கண்ணாடியைப் போல் உறுதியான வானத்தை அவரோடுகூட விரிக்க உன்னால் ஆகுமோ என்று எலிகூ யோபைக் கேட்கிறான். விரித்தல் என்று அவன் கூறும் வினை, உலோகத்தைத் தகடாய்த் தட்டி நீட்டுதலைக் குறிப்பது. ஆதியாகமத்தின் ஆகாயவிரிவு என்ற சொல்லுக்கும் தாது அதுவே. முந்திய வசனத்தில் தென்றல் அடங்கி ஆடை உடம்பில் சுடும் வெப்பத்தைச் சொல்கிறான். சற்றுப் பின்னர் வானத்தின் பிரகாசத்தை நோக்கக் கண் கூசுவதைச் சொல்கிறான். கீழ்காற்றும் மேகமும் அற்ற பாலைவனத்து நண்பகலில், தேய்த்து மெருகிட்ட வெண்கலம்போல் தகதகத்துக் கவிந்து நிற்கும் வானத்தை நினைத்தாலன்றி இவ்வுவமை விளங்காது. ரசம் பூசிய சில்லை நினைப்பவர்க்கு உறுதி என்ற அடைமொழியே வியப்பைத் தரும்.

கண்ணாடி வாங்க இயலாதவர்க்கு நீர் உண்டு. நீரில் முகத்துக்கு முகம் தோன்றுவது போல மனிதனுக்கு மனிதனுடைய இருதயம் என்ற கருத்தை நீதிமொழிகளின் 27-ஆம் அதிகாரம் எபிரேயத்தில் மிகச் சில சொற்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தச் சுருக்கத்தினால் ஒருவன் தன் இருதயத்தையே பார்த்துக்கொள்கிறானா, அயலானுடைய இருதயத்தில் தன்னைப் பார்க்கிறானா என்பது தீராமலே நிற்கிறது.

கத்தோலிக்கர் ஏற்றுப் போற்றும் இரு நூல்களிலும் கண்ணாடி வருகிறது. எருசலேமில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சீராக், பகைவனின் தீங்கு வெண்கலத்தில் ஏறும் களிம்பு போன்றது, அவன் பணிந்து வந்தாலும் கண்ணாடி துலக்குபவனைப் போல விழிப்பாயிரு என்று எச்சரிக்கிறார். வீட்டில் தகட்டைத் துலக்கிப் பார்த்து, மறுவாரம் மீண்டும் பச்சை பூத்ததைக் கண்டு அலுத்தவர் எழுதிய உவமை இது. சாலமோனின் ஞானம் என்னும் கிரேக்க நூலோ, ஞானமானது கடவுளின் செயலாற்றலைக் காட்டும் மாசற்ற கண்ணாடி என்று புகழ்ந்து, அதே பொருளை வானளாவ உயர்த்திவிடுகிறது.

இனிப் பவுலிடம் வருவோம். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், இப்போது கண்ணாடியில் காண்பதையும் பின்னர் நேர்முகமாகக் காண்பதையும் எதிரெதிரே நிறுத்தும் வசனமே வேதாகமக் கண்ணாடிகளுள் புகழ்மிக்கது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை இருண்ட கண்ணாடியாக்கிவிட்டபடியால், அழுக்கேறிய ஜன்னலின் வழியே பார்ப்பதென்று எண்ணினவரும் உண்டு. பண்டைக் கண்ணாடி மங்கல் என்ற பொதுவான விளக்கம் அதற்கு அடுத்தபடி எழுந்தது. கொரிந்து பட்டணத்தாரிடம் போய் உங்கள் கண்ணாடி மங்கலானது என்று சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் நிறுவப்பட்ட அப்பட்டணம் வெண்கலத்துக்கே பேர்போனது. எருசலேம் தேவாலயத்தின் ஒரு வாசற்கதவு கொரிந்திய வெண்கலத்தால் ஆனதென்று யோசேப்பஸ் எழுதுகிறார். நன்றாக மெருகிட்ட உலோகம் எவ்வளவு தெளிவாய்க் காட்டும் என்பதை அறிய நாம் கிரேக்க தேசத்துக்குப் போகவேண்டியதில்லை. கேரளத்தின் ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் சேர்த்து இன்றும் வார்க்கிற கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பவுல் எழுதிய சொற்கள் 'எசோப்த்ரோன்' வழியாக, 'ஐனிக்மா'வில் என்பவை. முன்னது கண்ணாடி, பின்னது விடுகதை. விடுகதை என்ற இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் வசனத்தின் திறவுகோல். எண்ணாகமத்தின் 12-ஆம் அதிகாரத்தில், மிரியாமும் ஆரோனும் மோசேக்கு விரோதமாய்ப் பேசியபோது, மற்றத் தீர்க்கதரிசிகளுக்குத் தரிசனத்தில் என்னை அறிவிப்பேன், மோசேயுடனோ விடுகதையால் அன்று, வாய்க்கு வாய் பேசுவேன் என்ற கருத்துப்படக் கடவுள் உரைத்தார். அங்கே தரிசனத்துக்கு எபிரேயச் சொல் 'மர்ஆ', அதாவது கண்ணாடிக்குரிய அதே சொல். விடுகதைக்கு எழுபதின்மரின் கிரேக்கச் சொல் 'ஐனிக்மா'. ரபியாகிய கமாலியேலின் பாதத்தில் பயின்ற பவுல் இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்து எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. பின்வந்த ரபிகளும் இதே பாதையில் சென்றார்கள்: தீர்க்கதரிசிகள் எல்லாரும் தெளிவற்ற 'அஸ்பக்லரியா'வில், அதாவது கண்ணாடியில், கண்டார்கள், மோசே ஒருவனே தெளிந்ததில் கண்டான் என்று தல்மூத் கூறும்; தீர்க்கதரிசிகள் ஒன்பது கண்ணாடிகளின் வழியாகவும் மோசே ஒன்றன் வழியாகவும் கண்டார்கள் என்று லேவியராகம ரப்பா கணக்கே போடும். ஆகவே பவுல் பேசுவது உலோகத்தின் தரத்தைப் பற்றியன்று, பார்வையின் திசையைப் பற்றி. எவ்வளவு தெளிந்த கண்ணாடியிலும் தோன்றுவது பிம்பமேயன்றி ஆளன்று. ஆள் நம் பின்னே நிற்கிறான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருள் என்றோ மங்கல் என்றோ எழுதாமல் நிழலாட்டம் என்று எழுதியது, ஆங்கிலத்தைவிடக் கருத்துக்கு அணுக்கமானது என்பேன்.

இதே காலத்தில் கண்ணாடியைப் பற்றி எழுதிய புறஜாதியார் ஒருவரை இங்கே குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. ரோமாபுரியின் செனெக்கா, மனிதன் தன்னை அறியும்பொருட்டே கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது என்று கூறி, அழகன் பழிக்கு அஞ்சவும் அழகற்றவன் குணத்தால் ஈடுசெய்யவும் அது கற்பிப்பதாக விரித்துரைத்து, அப்படிப்பட்டது ஆளுயரப் பொன் வெள்ளித் தகடுகளாய் ஆடம்பரத்துக்கு அடிமையானதே என்று வருந்துகிறார். அவருடைய உடன்பிறந்த தமையனே, கொரிந்துவில் பவுலை யூதர்கள் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியபோது வழக்கைத் தள்ளிவிட்ட தேசாதிபதி கல்லியோன். தெல்பியில் கிடைத்த கல்வெட்டினால் அவன் ஆட்சி ஏறத்தாழ கி.பி. 51-ஐ ஒட்டியது என்று தெரிகிறது. தம்பி கண்ணாடியில் தன்னைத் தேடினார். அண்ணனுக்கு முன்னால் நின்றவரோ அதில் தன்னைத் தேடவே இல்லை.

தன் முகத்தையே பார்க்கும் மனிதன் யாக்கோபின் நிருபத்தில் வருகிறான், வந்ததும் போய்விடுகிறான். வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், தன் சுபாவ முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, அவ்விடம் விட்டுப் போனவுடன் தன் சாயலை மறந்தவனுக்கு ஒப்பானவன் என்கிறார் ஆக்கியோன். இங்கும் கண்ணாடியின்மேல் குற்றமில்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டிற்று. அவனுக்கு எதிராக நிறுத்தப்படுபவன் பூரணப் பிரமாணத்தை உற்றுப் பார்ப்பவன். உற்றுப் பார்த்தலுக்கு வழங்கிய கிரேக்க வினை, வெறுமையான கல்லறைக்குள் சீஷன் குனிந்து பார்த்ததற்கு யோவான் வழங்கிய அதே வினை. நிமிர்ந்து நின்று ஒரு கணம் பார்ப்பதற்கும் முதுகு வளைத்து உள்ளே நோக்குவதற்கும் உள்ள பேதத்தை அந்த ஒரு வினை தாங்குகிறது.

எஞ்சியிருப்பது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரம். நாம் முக்காடற்ற முகத்துடன் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியில் காண்கிறோமா, அல்லது கண்ணாடியைப் போல் பிரதிபலிக்கிறோமா என்று பண்டிதர்கள் இன்றளவும் வழக்காடும்படி, இரண்டுக்கும் இடந்தரும் வினை ஒன்றைப் பவுல் அங்கே பெய்துவிட்டார். தமிழ் வேதாகமம் காண்பதையே கொண்டது. அவ்வசனத்துக்குக் காரணமாயிருந்த பழைய சம்பவமோ யாத்திராகமத்தின் 34-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெண்கள் கண்ணாடி கொடுத்த செய்திக்கு நான்கே அதிகாரம் முந்தியது. சீனாய் மலையிலிருந்து இரண்டு கற்பலகைகளோடு மோசே இறங்கி வருகிறான். அவன் முகம் ஒளிவீசுகிறது. அது ஒளிவீசுவது அவனுக்குத் தெரியாது என்று ஆக்கியோன் தெளிவாகவே எழுதிவைக்கிறான். கண்ணாடிகளை அருவருத்தவன் என்று கதை கூறும் அம்மனிதன் கையில் அன்று கற்பலகைகளன்றி வேறொன்றும் இல்லை. ஆரோனும் ஜனங்களும் கிட்டவர அஞ்சி ஒதுங்கியதைக் கண்டபின்னரே, தன் முகத்தில் ஏதோ நேர்ந்திருக்கிறதென்று உணர்ந்து, அவன் முக்காட்டைத் தேடினான்.